வெள்ளீய மலையில் லித்தியம்: எர்ட்ஸ்கெபிர்கே பயணக் குறிப்புகள்

அக்டோபர் 16, 2025, வியாழன்: ஆல்டன்பெர்க்

பேட்டரி சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் ஏதாவது ஓர் அறிக்கையில் லித்தியம் என்று எழுதாமல் நாள் முடியாது. ஆனால் அது வரும் பாறையை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டனிலிருந்து தெற்கே, செக் எல்லையில் இருக்கிறது எர்ட்ஸ்கெபிர்கே மலை. அங்கே நூற்றாண்டுகளாக வெள்ளீயம் தோண்டிய அதே இடத்தில் இப்போது லித்தியத்துக்குத் திட்டம் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. கூட வந்த தோழி ஃப்ரைபெர்க் சுரங்கப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்தவள். அவளுக்கு மேலூர் பக்கம். அவள் இல்லாவிட்டால் இந்தப் பயணத்தில் பாதி எனக்குப் புரிந்திருக்காது.

ஹைடெனாவில் மாறி ஏறிய சின்ன ரயில் மியூக்லிட்ஸ் ஆற்றை ஒட்டியே மலை ஏறுகிறது. ஆற்றில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி நாங்கள் எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். 2002 ஆகஸ்ட் வெள்ளத்தில் தண்ணீர் அவ்வளவு உயரம் வந்ததாம். நாளை நாங்கள் போகும் ஸின்வால்ட் கிராமத்தில் அன்று ஒரே நாளில் 312 மில்லிமீட்டர் மழை. ஜெர்மனியில் ஒரு நாளில் பதிவான மழையில் அதுதான் அதிகம். இந்த ரயில் பாதையே அடித்துக்கொண்டு போய், பிறகு திரும்பப் போட்டார்கள்.

வழியில் கிளாஸ்ஹூட்டே. கைக்கடிகாரத்துக்குப் பேர்போன ஊர். சுற்றுவட்டாரத்தில் வெள்ளிச் சுரங்கங்கள் ஓய்ந்து, ஜனங்கள் வேலையில்லாமல் தவித்தபோது, 1845இல் அரசு கொடுத்த கடனை வைத்து ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே என்பவர் இங்கே கடிகாரப் பட்டறை ஆரம்பித்தார். சுரங்கம் மூடினால் ஊர் என்ன ஆகும் என்ற கேள்வி இந்த மலையில் புதிதல்ல.

ஆல்டன்பெர்க்கில் இறங்கும்போது ஆறு டிகிரி, தூறல், கூடவே காற்று. பையை விடுதியில் போட்டுவிட்டு நேரே பிங்கே என்னும் பள்ளத்தைப் பார்க்கப் போனோம். படத்தில் பார்த்தபோது இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. சுமார் 400 மீட்டர் அகலம், 150 மீட்டர் ஆழம், செம்மண் நிறத்தில் செங்குத்தான சுவர்கள். ஊருக்கு நடுவே பூமி உள்ளே விழுந்த இடம் இது.

1440 வாக்கில் இங்கே வெள்ளீயம் கண்டுபிடித்தார்கள். பாறை மிகவும் கெட்டி. வெடிமருந்து சுரங்கத்துக்கு வராத காலம். அதனால் பாறையை ஒட்டி விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். சூட்டில் பாறை வெடித்து உதிரும், அதை வாரி எடுப்பார்கள். தீ எவ்வளவு குடையும் என்பதை யாரும் அளந்து கட்டுப்படுத்த முடியாது. பக்கத்துப் பக்கத்தில் பலர் தனித்தனியாகக் குடைந்ததில் மலைக்குள் பெரிய பெரிய கூடங்கள் உண்டாகி, தாங்க வேண்டிய தூண்கள் மெலிந்து போயின. 1620 ஜனவரி 24 விடியற்காலையில் எல்லாம் ஒன்றாகச் சரிந்தது. அதற்குப் பிறகும் யாரும் போய்விடவில்லை. சரிந்து நொறுங்கிய பாறையையே கீழிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள், எடுக்க எடுக்க மேலே பள்ளம் பெருத்தது. 1991 மார்ச் 28 வரை இது நடந்தது. கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் அந்த நாட்டுக்கு வெள்ளீயம் தந்த முக்கியமான சுரங்கம் இதுதான். நாடு போய், சந்தை விலைக்கு ஈடு கொடுக்க முடியாமல் சுரங்கமும் போயிற்று.

சுரங்க அருங்காட்சியகத்தில் தாதுவை இடிக்கும் பழைய மர உலக்கைகள் வரிசையாக நிற்கின்றன. தண்ணீர்ச் சக்கரம் சுற்ற, உலக்கைகள் மாறி மாறி விழுந்து கல்லைப் பொடியாக்கும். பொடியைச் சாய்ந்த மேசைமேல் தண்ணீரோடு ஓடவிட்டால் கனமான வெள்ளீயத் தாது தங்கிவிடும், லேசானது ஓடிவிடும். கண்ணாடிப் பெட்டியில் வெள்ளீயக் குடங்களும் தட்டுகளும் இருந்தன. ஈயச்சொம்பில் ரசம் வைத்த வீட்டில் வளர்ந்தவள் நான், அந்த மங்கலான பளபளப்பு உடனே அடையாளம் தெரிந்தது. அதே உலோகம்தான்.

இரவு விடுதிச் சமையலறை எட்டு மணிக்கு மூடிவிடும் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் நனைந்துபோய் உள்ளே வந்தபோது விடுதிக்கார அம்மா ஏற்கெனவே அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் அடுப்பைப் பற்றவைத்தார். உருளைக்கிழங்கு சூப், கறுப்பு ரொட்டி, ஏழரை யூரோ. எனக்காகத் தொத்திறைச்சி போடாமல் தனியாக ஒரு கிண்ணம். அந்தக் குளிருக்கு அதைவிட நல்ல சாப்பாடு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி: ஸின்வால்ட்

காலையில் பேருந்தில் சில கிலோமீட்டர் மேலே ஏறினால் ஸின்வால்ட். எல்லைக் கிராமம். இங்கே பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்ட பழைய சுரங்கம் இருக்கிறது. தலைக்கவசம், முழங்கால் வரை வரும் மேலங்கி, கையில் விளக்கு. உள்ளே வருடம் முழுவதும் எட்டு டிகிரி. வெளியே அதைவிடக் குளிர் என்பதால் உள்ளே போனதும் இதமாகவே இருந்தது.

வழிகாட்டி ஆல்டன்பெர்க் சுரங்கத்தில் இளவயதில் வேலை பார்த்தவர். ‘கிளூக் ஆஃப்’ என்று வரவேற்றார். சுரங்கக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வணக்கம் அது, இந்த மலையில் கடையில்கூட அதைத்தான் சொல்கிறார்கள். ஜெர்மனில் மட்டும்தான் பேசினார், ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, புரியும்வரை நிதானமாகச் சொன்னார்.

இந்தத் தாது எப்படி உண்டானது என்பதைத் தோழி சொல்லி, அவர் தலையாட்டி, இடையிடையே திருத்தி, எனக்கு ஒருவழியாகப் பிடிபட்டது. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே எரிமலைகள் இருந்தன. அவை கக்கிய பாறையின் அடியில் பிறகு கிரானைட் குழம்பு மேலேறி வந்து, குவிந்த கூரைபோல நின்றுவிட்டது. குழம்பு ஆறிக் கல்லாகும்போது, எந்தக் கனிமத்திலும் எளிதில் சேராத தனிமங்கள் கடைசிவரை மிஞ்சும். லித்தியம், வெள்ளீயம், டங்ஸ்டன், ஃப்ளோரின் எல்லாம் அப்படி மிஞ்சியவை. அவை கலந்த சூடான திரவம் மேலே வந்து, கூரையைத் தாண்ட வழியில்லாமல் அதன் கீழேயே தேங்கியது. தேங்கிய இடத்தில் கிரானைட்டையே தின்று மாற்றிவிட்டது. கிரானைட்டில் இருந்த ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் போய்விட்டது. குவார்ட்ஸ், மைக்கா, புஷ்பராகம் ஆகியவைதான் மிச்சம். இந்த மாறிய பாறைக்குக் கிரீசன் என்று பெயர். கிரானைட் ஆறி விரிசல் விட்ட இடங்களில் குவார்ட்ஸ் படிந்து, குவிந்த கூரைக்கு இணையாக வெங்காயத் தோல்போல ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகள் அமைந்தன. சுரங்கக்காரர்கள் அந்த அடுக்குகளைப் பின்தொடர்ந்தே போனதால் இங்கே குகைகள் உயரமாக இல்லாமல் சரிந்தும் அகன்றும் இருக்கின்றன. பல இடங்களில் குனிந்தேதான் நடந்தோம்.

ஒரு திருப்பத்தில் வழிகாட்டி விளக்கைச் சுவரோரம் சாய்த்துப் பிடித்தார். சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் தகடு தகடாக மைக்கா மின்னியது. அதுதான் ஸின்வால்டைட். இந்த ஊரின் பெயரால் 1845இல் ஹைடிங்கர் என்ற ஆஸ்திரியக் கனிமவியலாளர் அதற்குப் பெயர் வைத்தார். இரும்பும் லித்தியமும் சேர்ந்த மைக்கா. நான் தினமும் எழுதும் தனிமம் இந்தத் தகடுக்குள் இருக்கிறது. நகத்தால் சுரண்டினால் ஏடு ஏடாகப் பெயரும் அளவுக்கு மென்மை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன், பின்னால் வந்தவர்களும் பொறுமையாக நின்றார்கள்.

இந்த மலையில் என்னை அசைத்தது அடுத்து அவர் சொன்ன விஷயம்தான். முந்நூறு, நானூறு வருடம் இங்கே வெள்ளீயம் மட்டுமே வேண்டியிருந்தது. அதோடு சேர்ந்து கறுப்பாக, கனமாக இன்னொரு தாது வரும். வெள்ளீயத்தோடு கலந்தால் உருக்குவதைக் கெடுக்கும் என்று அதைத் தள்ளி வைத்தார்கள். அது வுல்ஃப்ரமைட், டங்ஸ்டன் தாது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் எஃகைக் கெட்டியாக்க டங்ஸ்டன் தேவைப்பட்டதும், தூக்கிப் போட்டதற்கு விலை வந்தது. மைக்காவும் அப்படித்தான். சுரங்க வாசலில் குப்பை மேடாகக் கிடந்தது. லித்தியம் 1817இல்தான் ஸ்வீடனில் கண்டுபிடிக்கப்பட்டது. அப்புறம் கீல்வாதத்துக்கு லித்தியம் உப்பைக் கொடுக்க ஆரம்பித்தார்கள், இந்த மைக்காவைத் தேடி ஆட்கள் வந்தார்கள். 1923இல் மெட்டல்கெசல்ஷாஃப்ட் என்ற ஜெர்மன் நிறுவனம் லித்தியம் உலோகத்தைத் தொழில் அளவில் தயாரிக்கத் தொடங்கியது. ஜெர்மன் பக்கம் 1945இல் போரோடு சுரங்கம் நின்றது. ஒரு தலைமுறை குப்பையில் போட்டதை அடுத்த தலைமுறை தேடிப் பொறுக்கியிருக்கிறது, அதுவும் இரண்டு முறை.

டங்ஸ்டன் என்று அவர் சொன்னபோதே தோழி என் கையை இடித்தாள். “அரிட்டாபட்டிடி” என்றாள். 2024 நவம்பரில் மேலூர் பக்கத்து டங்ஸ்டன் நிலம் ஏலம் போனதும், ஊர் ஊராக மக்கள் கிளம்பியதும், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதும் அவளுக்கு வீட்டு விஷயம். அவள் சித்தப்பா அந்தப் பேரணியில் நடந்தவர். பாறை படித்தவள் வீட்டிலேயே இரண்டு கட்சி உண்டு என்று சொன்னாள்.

மதியம் மழை விட்டது. பக்கத்திலேயே கேயோர்கென்ஃபெல்ட். பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் பக்கம், மதம் மாறச் சொல்லித் துரத்தப்பட்ட புராட்டஸ்டண்ட் சுரங்கக்காரர்கள் 1671இல் எல்லையைத் தாண்டி வந்து, சாக்சனி ஆட்சியாளர் கொடுத்த இடத்தில் குடியேறிய கிராமம். துரத்திய இடத்திலிருந்து நடந்தால் சில நிமிடத் தூரம்தான். அதற்குமேல் எங்கே போவார்கள், தொழில் இந்த மலையில்தானே இருந்தது.

சில தோட்டங்களின் வேலியில் லித்தியம் சுரங்கம் வேண்டாம் என்ற பலகைகள் தொங்கின. பேக்கரியில் ஐயர்ஷெக்கே கேக்கும் காபியும் வாங்கிக்கொண்டு, கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். ஐந்து யூரோ அறுபது சென்ட் எடுத்துக்கொண்டு, மீதியை எண்ணி வைத்த பிறகுதான் பதில் சொன்னார். சுரங்கத்தைப் பற்றி அவருக்குப் பயமில்லை, அவர் தாத்தாவும் அதில்தான் இருந்தார். மணலை எங்கே கொட்டுவீர்கள், எங்கள் கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகும், இந்த இரண்டுக்கும் யாராவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லட்டும் என்றார்.

அக்டோபர் 18, சனி: ஸீனோவெட்ஸ், டெப்லிட்ஸே

எல்லையை நடந்தே தாண்டினோம். சாலையோரம் நின்ற காவலர்கள் எங்கள் இருவரின் அட்டைகளை மட்டும் வாங்கிப் பார்த்தார்கள். மரியாதையாகவே பேசினார்கள். பத்து நிமிடம் ஆனது. எங்களுக்கு முன்னால் நாயோடு நடந்து போனவரை நிறுத்தவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

செக் பக்கம் ஸீனோவெட்ஸ். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. 1945க்கு முன்னால் இது ஜெர்மன் மொழி பேசியவர்களின் பெரிய சுரங்கக் கிராமம். போருக்குப் பிறகு அவர்களை வெளியேற்றினார்கள், வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. இப்போது தேவாலயம், சிதறிய சில வீடுகள், அவற்றுக்கு நடுவே வெறும் புல்வெளி. வாசற்படிகள் மட்டும் மிஞ்சிய ஓர் இடத்தைத் தாண்டி நடந்தோம்.

அடியில் இருப்பது ஒரே கிரானைட் கூரை, எல்லைக்கோடு மேலே மட்டும்தான். அதில் பெரிய பங்கு செக் பக்கம். இங்கே 1990 வரை வெள்ளீயமும் டங்ஸ்டனும் எடுத்தார்கள். 1960களின் தொடக்கத்தில் சிஎஸ்-1 என்ற துளையை 1,596 மீட்டர் ஆழத்துக்குப் போட்டுப் பாறையின் மாதிரியை மேலே கொண்டு வந்தார்கள். லித்தியம் மைக்கா உள்ள கிரானைட் எவ்வளவு ஆழம் போகிறது, அதன்கீழே என்ன இருக்கிறது என்று உலகம் தெரிந்துகொண்டது அந்தத் துளையால்தான். தன் படிப்பில் அந்தப் பெயரை எத்தனையோ முறை படித்ததாகத் தோழி சொன்னாள். பனிக்குள் நின்று, அது எந்தப் பக்கம் இருக்கும் என்று தேடினாள்.

இப்போது செக் மின் நிறுவனமான செஸ் பெரும்பங்கு வைத்திருக்கும் ஜியோமெட் இங்கே லித்தியம் எடுக்கத் திட்டமிடுகிறது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் இதை முக்கியத் திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. எழுபது கோடி டன் பாறை என்று கணக்கு. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அதில் லித்தியம் ஆக்ஸைடு 0.4 சதவீதம்தான். ஒரு டன் பாறையை உடைத்தால் உள்ளே இரண்டு கிலோ லித்தியம்கூட இல்லை. ஒரு மின்காரின் பேட்டரிக்குச் சுமார் எட்டு கிலோ வேண்டும். அதாவது ஒரு காருக்கு நாலு டன்னுக்கு மேல் பாறை. இந்த மைக்காவில் இரும்பு இருப்பதால் பொடித்த பாறையிலிருந்து காந்தத்தால் அதைப் பிரித்துவிடலாம், இது ஒரு வசதி. பிறகு உப்புகளோடு சேர்த்து உலையில் வறுத்து, தண்ணீரில் லித்தியத்தைக் கரைத்து எடுக்க வேண்டும். மீதியெல்லாம் மணல். பேக்கரிப் பெண் கேட்ட மணல் இதுதான். என்னைப் போன்றவர்கள் ஆய்வகத்தில் உட்கார்ந்து பேட்டரியைச் சுத்தமான தொழில்நுட்பம் என்று எழுதும்போது இந்த மணலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

டெப்லிட்ஸே போகும் மதியப் பேருந்து வரவில்லை. அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து. நிறுத்தத்தில் கூரை இல்லை, பனி முடியெல்லாம் நனைத்துவிட்டது. எதிரே எல்லைக் கடை, வாசலில் தோட்டத்துப் பொம்மைகளும் கம்பளிச் சாக்ஸும். வியட்நாமியப் பெண் ஒருவர் வெளியே வந்து கையசைத்துக் கூப்பிட்டார். சோஷலிசக் காலத்தில் வேலைக்காக வியட்நாமிலிருந்து செக்கோஸ்லோவாக்கியா வந்த குடும்பங்கள் நிறைய, அவர் பெற்றோரும் அப்படி வந்தவர்கள். எங்களை ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்து, தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். பின்னறையில் தங்களுக்காக வைத்திருந்த ஃபோ சூப்பை 150 செக் கொருனாவுக்குக் கொடுத்தார், எனக்குக் காளானும் டோஃபுவும் போட்டு. இப்போது வியட்நாமில் இருக்கும் அவர் அம்மா இந்திய சீரியல் விடாமல் பார்ப்பாராம். வீடியோ அழைப்பில் எங்களைக் காட்டினார். அந்த அம்மா ‘நமஸ்தே’ என்று சொல்ல, நாங்கள் ‘வணக்கம்’ சொல்லிக் கொடுத்தோம். பேருந்து வந்தபோது எழுந்து போக மனமில்லை.

டெப்லிட்ஸே வெந்நீர் ஊற்றுள்ள ஊர். 1879 பிப்ரவரியில் பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்று தோண்டிக்கொண்டே போய் நிலத்தடி வெந்நீரை உடைத்துவிட்டது. சுரங்கத்தில் ஆட்கள் செத்தார்கள், கிலோமீட்டர்களுக்கு அப்பால் இங்கே ஊற்று வற்றிப்போனது. குளியலை நம்பிப் பிழைத்த ஊர் திகைத்து நின்று, கடைசியில் நிலத்தைத் தோண்டிக் கீழே போன தண்ணீரைப் பிடித்தது. கிணற்றைப் பற்றிக் கேட்பவர்களைப் புரியாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது, இந்த வட்டாரத்தில் அது நடந்திருக்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு: க்ரூப்கா

வானம் தெளிந்துவிட்டது. க்ரூப்காவில் வெள்ளீயம் மற்ற ஊர்களுக்கெல்லாம் முன்பே, ஓடைகளின் மணலை அரித்து எடுக்கப்பட்டது. கனமான தாது அடியில் தங்கும் என்பதால் மண்வெட்டியும் தண்ணீரும் போதும். ஓடை தீர்ந்த பிறகுதான் மலைக்குள் போனார்கள். ஸ்டாரி மார்ட்டின் குகையில் லூக்காஷ் என்ற தாதுப்பட்டையைக் காட்டுகிறார்கள். சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளம், தடிமனோ முழங்கை அளவுக்கும் குறைவு. அதற்காகப் பரம்பரை பரம்பரையாகப் படுத்துக்கொண்டே வெட்டியிருக்கிறார்கள். செக்கில் விளக்கம் சொன்ன இளைஞன் எங்களுக்காக ஒரு தாளில் வரைந்தே காட்டினான்.

பிறகு நாற்காலி ரோப்காரில் கொமாரி வீஷ்கா. 1952இல் போட்டது, 2,348 மீட்டர் நீளம். காலைத் தொங்கவிட்டபடி, இலை பழுத்த பீச் (beech) காட்டு மரங்களின்மேல் கால்மணி நேரம். மேலே 1568இல் சுரங்கக்காரர்களுக்கு மணியடிக்கக் கட்டிய கோபுரம், இப்போது சாப்பாட்டுக் கடை. பூண்டு சூப், வறுத்த சீஸ், உருளை வறுவல், கோஃபோலா என்ற செக் குளிர்பானம், எல்லாம் சேர்த்து ஆளுக்கு 310 கொருனா. பூண்டு சூப் நம் வீட்டு ரசத்தின் காரத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது, இரண்டாவது கிண்ணம் வாங்கினேன். கீழே பழுப்பு நிலக்கரி வெட்டிய பள்ளங்கள், அவற்றுக்கு அப்பால் கூம்பு கூம்பாகப் பழைய எரிமலைகள். அடுத்த மேசைக்காரர் நிலக்கரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். நிலக்கரி முடியப் போகிறது, லித்தியம் வந்தால் இளைஞர்கள் ஊரில் இருப்பார்கள் என்றார். அவர் மகள் உடனே, அந்தத் தூசியை நீங்கள் தின்றது போதும் என்றாள். இரண்டு பேருமே எங்களைப் பார்த்துத் தீர்ப்புக் கேட்டார்கள்.

திரும்பும் வழியெல்லாம் நானும் தோழியும் அதே சண்டைதான். “மலைய வெட்டாம பேட்டரி எங்கேருந்துடி வரும்? எங்கயோ சிலியிலயும் ஆஸ்திரேலியாவுலயும் வெட்டினா மட்டும் உனக்குச் சரியா?” என்று கேட்டாள். சரியில்லை. ஆனால் மணலில் எத்தனை பங்கு திரும்பச் சுரங்கத்துக்குள் போகும், மீதி எங்கே நிற்கும், கிணறு வற்றினால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கொடுத்து, ஊர் ஒப்புக்கொண்ட பிறகு வெட்டட்டும் என்றேன். ஊர் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்று கேட்டாள். அப்போது வெட்டக் கூடாது என்றேன், அவள் ஒத்துக்கொள்ளவில்லை. டிரெஸ்டன் வந்தும் பேச்சு முடியவில்லை. நாளை தீபாவளி, சாயங்காலம் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள், மிச்சத்தை அங்கே பேசிக்கொள்வதாக இருக்கிறோம்.